ஆய்வை அடுத்த பேட்சிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் மருத்துவ மாணவர்களின் குழு ஆய்வுகளைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பி.டி.எஸ். படிக்கும்போதே ஆய்வுப் பழக்கம் வர வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் எத்தனை குழுக்கள், எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் என்ற கணக்கோடு உங்கள் இதழின் கட்டுரை நின்றுவிட்டது. அந்தப் பேட்ச் படிப்பை முடித்துப் போன பிறகு ஆய்வு என்ன ஆகிறது என்று கட்டுரையாளர் கேட்கவே இல்லை.

நான் தருமபுரியில் கிளினிக் நடத்துகிறேன். பிள்ளைகளின் பற்களில் கறை விழவைக்கும் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் எங்கள் ஊருக்கு ஆய்வுக் குழுக்கள் வந்துகொண்டே இருக்கும். ஐந்தாறு மாணவர்கள் வேனில் வந்து இறங்குவார்கள், பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், படிவம் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த வருடம் வேறு குழு, வேறு பள்ளி, வேறு படிவம். பழைய தரவு யாரோ ஒரு சீனியரின் லேப்டாப்பில் கிடக்கும். அந்தச் சீனியர் எம்.டி.எஸ். படிக்க வெளிமாநிலம் போயிருப்பார். ஊர்ப்பக்கமே வராத குழுக்களும் உண்டு. கூகுள் ஃபார்ம் ஒன்றை விடுதி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, பல் துலக்குவது பற்றிப் பல் மருத்துவ மாணவர்களுக்கு என்ன தெரியும் என்று பல் மருத்துவ மாணவர்களிடமே கேட்டு எழுதிவிடுகிறார்கள். அதையும் அச்சிட இதழ்கள் இருக்கின்றன.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு கல்லூரி ஒரு ஊரையும் ஒரு கேள்வியையும் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பேட்சும் அந்தக் கேள்வியைக் கொஞ்ச தூரம் நகர்த்தி, படிவங்களோடும் தரவோடும் அடுத்த பேட்சிடம் ஒப்படைக்கட்டும்.

எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு கேள்வி தயாராகவே இருக்கிறது: குழாயில் காவிரி வந்த பிறகு பிள்ளைகளின் பற்களில் ஃபுளோரைடு கறை குறைந்ததா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கப்பட்டது. பல்லில் ஃபுளோரைடு கறை விழுவது, பல்லின் கடினமான மேற்பூச்சான எனாமல் உருவாகும் காலத்தில்தான். மேல் முன்பற்களுக்கு அது பிறந்த சில மாதங்களில் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஃபுளோரைடு நீர் குடித்தாலும் அந்தப் பற்களில் புதிதாகக் கறை விழாது. ஏற்கெனவே விழுந்தது நல்ல தண்ணீர் குடிப்பதால் போகவும் போகாது. 2013இல் பிறந்த பிள்ளைக்கு 2025இல் வயது 12. உலக சுகாதார நிறுவனம் வாய்நலக் கணக்கெடுப்புக்கு வகுத்த வயதுகளில் 12 முக்கியமானது. அதே ஆண்டில் பிளஸ் டூ படித்தவர்கள் 2008 வாக்கில் பிறந்தவர்கள். குழாயில் காவிரி வந்தபோது அவர்களுடைய முன்பற்கள் உருவாகி முடிந்திருக்கும். ஒரே பள்ளி வளாகத்தில் ஏழாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் பார்த்தால், திட்டத்துக்கு முன்னும் பின்னும் நமக்கு முன்னால் நிற்கும். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வரவில்லை. குழாய் வந்த பிறகும் சமையலுக்குப் போர் தண்ணீரையே எடுக்கும் வீடுகள் இருக்கின்றன, கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போய்விடாது. ஆகவே எந்தப் பிள்ளை எந்த வயதுவரை எந்தத் தண்ணீர் குடித்தது என்று வீடுவீடாகக் கேட்டாக வேண்டும்.

இதை ஒரு குழு ஒரே ஆண்டில் முடிக்க முடியாது. எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி, முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் எல்லாம் வாங்குவதற்குள் மாடல் தேர்வு வந்துவிடும். கூகுள் ஃபார்ம் ஆய்வுகள் பெருகுவதற்கு மாணவர்களின் சோம்பல் காரணமில்லை, இந்த நெருக்கடிதான் காரணம். பல வருட ஆய்வாக ஒரே தடவையில் எத்திக்ஸ் அனுமதி வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டால் பாதிச் சுமை குறையும்.

குழு எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். வேலையைப் பங்குபோட மட்டும் என்றால், நன்றாகப் படிக்கும் ஒருவர் எல்லாவற்றையும் எழுத, மற்றவர்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வதில்தான் போய் முடியும். பலருடைய கண்கள் ஒரே பல்லைப் பார்ப்பதில்தான் குழுவின் பயன். ஃபுளோரைடு கறையைத் தரம் பிரிக்கும் டீன் அளவுகோலில் வெள்ளைத் திட்டுகள் பல் பரப்பில் கால் பங்குக்குள் இருந்தால் ஒரு நிலை, பாதிக்குள் இருந்தால் அடுத்த நிலை. கேட்க எளிது. ஆறு பேரைத் தனித்தனியாக ஒரே இருபது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் 'சந்தேகம்' என்று போட்ட பல்லை இன்னொருவர் 'மிக லேசு' என்றும், மூன்றாமவர் 'இயல்பு' என்றும் போட்டிருப்பார். அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கப்பா என்ற புள்ளியியல் மதிப்பாகக் கணக்கிட்டு, உட்கார்ந்து பேசி, மறுபடி பார்த்து ஒத்துப்போகும்வரை களத்தில் இறங்கக் கூடாது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளை எவரிடமும் காசு கொடுத்து ஓட்டிக்கொள்ளலாம், கண்களைப் பழக்கும் இந்தப் பயிற்சியை அப்படிச் செய்ய முடியாது. பேட்ச் மாறும்போதும் பழைய குழு புதிய குழுவோடு சேர்ந்து பிள்ளைகளைப் பார்த்து இந்தப் பயிற்சியை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் கறை குறைந்ததா, பார்க்கும் ஆள் மாறியதா என்று சொல்ல முடியாது.

ஃபுளோரைடு கறையின் கதையே கைமாறி வந்த கதைதான். 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொழில் தொடங்கிய ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், ஊர் மக்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். புகழ்பெற்ற பல் மருத்துவ அறிஞர் ஜி.வி. பிளாக் அவரோடு சேர்ந்தார், 1915இல் காலமானார். தண்ணீரில் இருப்பது ஃபுளோரைடு என்று 1931இல் கண்டுபிடித்தவர் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில். அதன் பிறகு டீன் என்பவர் மேலே சொன்ன அளவுகோலை வகுத்தார். முப்பது ஆண்டுகள் எடுத்த கேள்வியைக் கட்டுரைக் கணக்குக்காக ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லியிருந்தால் மெக்கேயும் ஏதாவது கேள்வித்தாள் ஆய்வு எழுதியிருப்பார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாணவர்களுக்குத் தரும் குறுகியகால ஆய்வு உதவித்தொகை இரண்டு மாத வேலைக்கு, அதுவும் தனி மாணவருக்கு. நல்ல திட்டம்தான், ஆனால் நான் சொல்லும் தேவைக்கு அது உதவாது. இன்டர்ன்ஷிப்பில் சமூகப் பல் மருத்துவத்துக்கு ஒதுக்கிய மாதங்களைப் பயன்படுத்தினால் உதவித்தொகை இல்லாமலேயே ஒப்படைப்பு நடக்கும்.

கடைசியாக, பள்ளிகளின் மனக்குறை. வாய் திறந்து காட்டிய பிள்ளைக்குச் சொத்தைப் பல் இருந்தால் பெற்றோரிடம் ஒரு சீட்டாவது போக வேண்டும். முடிவு என்ன என்று தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரலாம். அதைச் செய்யாத குழுவை மறு ஆண்டு உள்ளே விட வேண்டாம் என்று நான் தெரிந்த பள்ளிகளில் சொல்லிவருகிறேன்.

மேலே சொன்ன கேள்வியை எடுத்துக்கொள்ள ஏதாவது ஒரு கல்லூரி முன்வந்தால், பள்ளிகளில் பேசி வைப்பது, எந்த ஊருக்கு எந்த ஆண்டில் குழாய் வந்தது என்று ஊராட்சிகளில் விசாரிப்பது, சொத்தைப் பல் உள்ள பிள்ளைகளுக்கு இங்கேயே சிகிச்சை பார்ப்பது ஆகியவற்றை நான் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்,
தருமபுரி.