நார்மல் ஸ்பீடில் பதிவது

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அம்மா கையில் போன் போய்விடும். அதனால் தாளில் எழுதுகிறேன். தம்பி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான்.

உங்கள் இசைக் குழுவை எடுத்துக்கொள்ள ஒரு ரெக்கார்டு கம்பெனி முன்வந்திருக்கிறது, பத்து மாதத்துக்குள் முழு ஆல்பம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உங்களிடம் உருப்படியாக இருப்பது மூன்று பாட்டு. "மீதியை எப்படியாவது நிரப்பிவிடலாமாப்பா?" என்று கேட்டிருந்தாய். நிரப்பாதே, பாப்பா. இதுதான் என் பதில். நான்கு நாளாக யோசித்துத்தான் சொல்கிறேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன வருடம் அக்டோபரில் உன்னிடம் வந்து மூன்று வாரம் இருந்தேனே, நீ வேலைக்குப் போன பிறகு உன் அறையில் இருந்த ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கேட்டேன். ஊசியைக் கவனமாகத்தான் வைத்தேன். அதில் போல்ட் த்ரோயர் என்ற டெத் மெட்டல் குழுவின் எட்டு ஆல்பமும் வரிசையாக இருந்தன. இங்கிலாந்தில் நீ இருக்கும் கவென்ட்ரி ஊர்க் குழு என்பதால்தான் முதலில் எடுத்தேன். உறுமும் குரலும் கனத்த கித்தாருமாக வரும் இந்த டெத் மெட்டல் வெறும் இரைச்சல் என்று நீ பள்ளியில் படித்த காலத்தில் உன்னிடம் சண்டை போட்டவன் நான். கேட்காமல் பேசிய பேச்சு அது. முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் பாட்டு வரிகள் அச்சடித்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். நான்காம் நாள் 'தி ஃபோர்த் குரூசேட்' ஓடும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது வடம் இறுகி, முதல் உருளல் உருண்டு, பிறகு யாராலும் சட்டென்று நிறுத்த முடியாத ஒரு கனம் வருமே, அந்த நடை அதில் இருந்தது. இந்த வகையில் மற்றவர்கள் வேகத்தில் போட்டி போட்டபோது இவர்கள் வேகத்தைக் குறைத்து, கித்தார் தந்திகளின் சுருதியை இறக்கிக் கனத்தைக் கூட்டினார்கள். நீ வாசிக்கும் பேஸ், அந்தக் கீழ்ச்சுருதிக் கித்தார், அங்கே தேரின் அச்சு மாதிரி. அது இல்லாவிட்டால் மேலே எத்தனை அலங்காரம் இருந்தும் நகராது.

அவர்கள் கதையைப் பிறகு நீயே எனக்கு ராத்திரி ராத்திரியாகச் சொன்னாய். 1986-இல் கவென்ட்ரியில் ஆரம்பித்த குழு. கேவின் வார்டு முதலில் பேஸ் வாசித்து, பிறகு கித்தாருக்கு மாற, 1987-இல் ஜோ பெஞ்ச் பேஸுக்கு வந்தார். இந்த இசையில் மேடை ஏறிய பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. வந்தவர் கடைசி வரை, எட்டு ஆல்பத்திலும், இருந்தார். உன் படுக்கைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் படம் யாருடையது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் குழுவுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த கார்ல் வில்லெட்ஸ்தான் பிறகு பாடகர் ஆனார் என்று நீ சொன்னபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. நம் ஊரில் ஆர்மோனியப் பெட்டி தூக்கி வந்த பையன் பிறகு மேடையில் பின்பாட்டுக்கு உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டது அவர்கள் டெமோ காசெட் கதையை. 1987-இல் இரண்டு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, போட்டார்கள். அந்தக் காலத்தில் இந்த இசை தபாலில்தான் ஊர் ஊராகப் போனது. ஒருவன் காசெட்டில் பதிந்து இன்னொருவனுக்கு அனுப்ப, அவன் அதிலிருந்து நகல் எடுத்து மூன்றாமவனுக்கு அனுப்ப, இப்படியே. ஒவ்வொரு நகலிலும் 'இஸ்ஸ்' என்ற இரைச்சல் ஏறும், மேல் சுரம் மங்கும். நான்காவது நகலில் தாளத்தட்டின் ஓசையே காணாமல் போயிருக்கும். அதையும் தாண்டி ஒரு குழுவின் பெயர் நின்றது என்றால் பாட்டில் அவ்வளவு சத்து இருந்திருக்க வேண்டும். அவர்கள் டெமோ பிபிசி வானொலியில் நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல் கைக்குப் போனது. 1988 ஜனவரியில் அவர் நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்யக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பதிவுகள் ஒரே நாளில் முடிந்துவிடும். அவர்கள் பதிந்தது நான்கு பாட்டு. நிரப்புவதற்கு அங்கே இடமே கிடையாது.

அதே வருடம் லண்டனில் வினைல் சொல்யூஷன் என்ற சின்ன லேபிளில், அதாவது ரெக்கார்டு கம்பெனியில், முதல் ஆல்பம். அங்கிருந்து நாட்டிங்காம் ஊரின் இயரேக் லேபிளுக்கு மாறி, 1989-இல் 'ரெல்ம் ஆஃப் கேயாஸ்'. அதன் அட்டையில் அதே நாட்டிங்காம் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் போர் பொம்மை விளையாட்டு உலகம், ஜான் சிபிக் வரைந்தது. அந்த வருடக் கடைசியில் நேபாம் டெத், கார்காஸ், ஃப்ளோரிடாவிலிருந்து வந்த மார்பிட் ஏஞ்சல் என்ற குழுக்களும் இவர்களும் ஒன்றாக இங்கிலாந்தைச் சுற்றினார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தைப் பற்றி நீ பேசும்போது, அங்கே போயிருக்க முடியாத ஏக்கம் உன் முகத்தில் தெரிந்தது. அப்போது நீ பிறக்கவே இல்லை.

இயரேக்கில் 1994 வரை நான்கு ஆல்பம். மெட்டல் பிளேடு லேபிளில் 1998, 2001, 2005 என்று மூன்று. முதலில் வருடத்துக்கு ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று போட்டவர்கள், பிறகு நான்கு வருடம், மூன்று வருடம், மறுபடி நான்கு வருடம் எடுத்துக்கொண்டார்கள். பாடகரும் டிரம்மரும் மாறி மாறி வந்த காலம் அது, எனக்குத் தெரியும். ஆனாலும் அவசரத்துக்கு ஒன்றைப் போட்டு இடைவெளியை அடைத்துவிடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. இந்த இடத்தை நன்றாகக் கவனி.

இன்னொன்று. 1989-இல் வந்த 'வேர்ல்டு ஈட்டர்' பாட்டில் வரும் கித்தார் வரிசை 'செனோடாஃப்' பாட்டில் திரும்ப வருகிறது, பிறகு 'எம்பர்ஸ்', கடைசியாக 1998-இல் 'பவுடர் பர்ன்ஸ்'. ஒன்பது வருடம், நான்கு பாட்டு, ஒரே இழை. நான் அதை அந்தாதி என்றேன். ஒரு செய்யுள் முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்குவதை நீ சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டவள், உடனே சிரித்துவிட்டாய். தான் முதலில் செய்ததை மதிக்கிறவனால்தான் ஒன்பது வருடம் கழித்து அதே இடத்திலிருந்து தொடங்க முடியும். நிரப்புவதற்காகப் போட்ட பாட்டிடம் யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

இதைக் கேட்ட பிறகுதான் நீ என்னை அந்த இடிந்த தேவாலயத்துக்குக் கூட்டிப்போனாய். 1940 நவம்பர் 14 ராத்திரி விழுந்த குண்டில் கூரை போய், சுவரும் கோபுரமும் மட்டும் நிற்கின்றன. எரிந்த இரண்டு உத்தரங்களைச் சிலுவையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். கூரையில்லாத அந்தத் தரையில் மழை பெய்துகொண்டிருந்தது. 'செனோடாஃப்' என்றால் உடல் இல்லாத கல்லறை என்று நீ அங்கே வைத்துத்தான் சொன்னாய். அந்தக் குழு ஏன் திரும்பத் திரும்பப் போரையே பாடியது என்று நான் உன்னைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

சரி, என் கடைக் கதைக்கு வருகிறேன். நம் ரெக்கார்டிங் சென்டரில் நீ பென்சிலால் காசெட் சுற்றிக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். இது நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது, உனக்கு நான் சொன்னதில்லை. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பெரியவர் வந்தார். நோட்டுத்தாளில் முப்பது பாட்டு எழுதி, டிடிகே 90 ஒன்றையும் கொடுத்தார். எல்லாம் இறந்துபோன அவர் மனைவிக்குப் பிடித்த பாட்டுகள். என்னிடம் பதினெட்டுப் பாட்டுக்குத்தான் நல்ல ரெக்கார்டு இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பண்டிகைக் கூட்டம், கடை முழுக்க ஆள். மீதிப் பன்னிரண்டையும் எங்கிருந்தோ வந்த நகல் காசெட்டுகளிலிருந்து எடுத்து, இரண்டு காசெட் போடும் டபுள் டெக்கில், நேரத்தை மிச்சம் பிடிக்க ஹை ஸ்பீடில் ஓட்டி நிரப்பிக் கொடுத்துவிட்டேன். நாடா உரசிப் போகும் ஹெட்டைக்கூடத் துடைக்கவில்லை.

பொங்கல் கழித்து வந்தார். சண்டை போடவில்லை. "பி பக்கம் தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு தம்பி" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. காசெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு அவர் வரவே இல்லை. அந்தக் காசெட் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஏ பக்கம் அவ்வளவு நன்றாக இருக்கும், பாப்பா. அந்த ஏ பக்கத்தையும் சேர்த்துத்தான் அவர் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கடை மூடும்வரை நார்மல் ஸ்பீடில் மட்டும்தான் பதிந்தேன். அறுபது நிமிடக் காசெட்டுக்கு அறுபது நிமிடம்.

மறுபடி போல்ட் த்ரோயருக்கு வருகிறேன். 2005-இல் அவர்களின் 'தோஸ் ஒன்ஸ் லாயல்' வந்தது. அதற்குப் பிறகு அடுத்ததற்குப் பாட்டு எழுதிப் பார்த்திருக்கிறார்கள். முந்தினதைத் தாண்டவில்லை என்று தோன்றியதும் நிறுத்திவிட்டார்கள். லேபிள் இருந்தது, வாங்க ஆள் இருந்தது, ஊர் ஊராகக் கூட்டம் இருந்தது. இன்னொரு ஆல்பம் மட்டும் இல்லை. கச்சேரிகளைத் தொடர்ந்து செய்தார்கள், டிக்கெட்டும் டி-ஷர்ட்டும் விலை ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் கச்சேரியில் வாசலில் மேஜை போட்டு நீங்களே டி-ஷர்ட் விற்றதும், மாணவன் மாதிரி இருந்த ஒரு பையனிடம் சில்லறை இல்லையென்றால் பரவாயில்லை என்று நீ சொன்னதும் அவர்களைப் பார்த்து வந்த பழக்கம்தான் என்று நினைக்கிறேன். நீ கொடுத்த பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு பின் சுவரில் சாய்ந்து நின்றேன். உன் பேஸ் அந்தச் சுவர் வழியாக என் முதுகுக்குள் வந்தது. அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "நன்றாக வாசித்தாள்" என்று மட்டும் சொன்னேன்.

அவர்களின் டிரம்மர் மார்ட்டின் கியர்ன்ஸ் பற்றிச் சொல்லும்போது உன் குரல் மாறியதையும் கவனித்தேன். 1994-இல் பதினேழு வயதில் வந்த பையன் என்பதால் 'கிடி' (Kiddie, சின்னப் பையன்) என்று கூப்பிட்டார்கள். நடுவில் கொஞ்ச காலம் விலகித் திரும்பி வந்து, கடைசி இரண்டு ஆல்பத்திலும் டிரம்ஸ் வாசித்தார். 2015 செப்டம்பர் 14 அன்று போய்விட்டார், வயது 38. சரியாக ஒரு வருடம் கழித்து, அதே தேதியில், குழு முடிந்தது என்று அறிவித்தார்கள். அவர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க மனம் வரவில்லை. கார்ல் வில்லெட்ஸும் பழைய டிரம்மர் ஆண்ட்ரூ வேலும் வேறு நண்பர்களோடு மெமோரியம் என்று புதிதாக ஒரு குழு ஆரம்பித்தார்கள். பழைய பெயரைத் தொடவில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பதிவின் உரிமை முழுக்கக் கம்பெனிக்கு என்று இருக்கிறது என்றாய். 'ரெல்ம் ஆஃப் கேயாஸ்' 2005-இல் வேறு அட்டைப்படத்தோடு மறுபதிப்பு வந்தது, குழுவுக்கு அதில் சம்மதமில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பது நீ எனக்குச் சொன்ன செய்திதான். கையெழுத்துப் போட்ட பிறகு உன் அட்டை உன்னுடையது இல்லை. விவரம் தெரிந்த ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டு. அந்தச் செலவை நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. மூன்று பாட்டை மட்டும் சின்ன வெளியீடாகப் போட ஒத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பார். ஒத்துக்கொண்டால் நல்லது.

ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த மூன்று பாட்டையும் எனக்கு அனுப்பு. உங்கள் ஆட்கள் இன்னும் டெமோவைக் காசெட்டில்தான் விரும்பி வாங்குகிறார்கள் என்றாயே. பரணில் பிரிக்காத காசெட் நாற்பது இருக்கிறது, பழைய டெக் இரண்டும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டேன். நாற்பதையும் நார்மல் ஸ்பீடில் நானே பதிகிறேன், ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் போடுவேன். அட்டையில் பாட்டின் பெயரை என் கையாலேயே எழுதுகிறேன். மூன்றும் சேர்ந்து எத்தனை நிமிடம், ஏ பக்கத்தில் எது வர வேண்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா