சுவருக்கே தெரியாதபோது அம்பயர் என்ன செய்வார்?

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் கிரிக்கெட் கமிட்டிக்கு,

வணக்கம். எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் கால் தடுத்தால் அவுட்) ரிவ்யூவில், பந்து பாதிக்கும் குறைவாகத்தான் ஸ்டம்பில் படும் என்று திரை காட்டினால் அம்பயர் முதலில் சொன்னதே நிற்கும்; அதுதான் 'அம்பயர்ஸ் கால்'. அந்த விதியைத் தூக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அதன் பெயரை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2023 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் நடந்த பாகிஸ்தான் - தென் ஆப்பிரிக்கா ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். தென் ஆப்பிரிக்காவுக்கு இலக்கு 271. கடைசி ஜோடி களத்தில், இன்னும் 8 ரன் வேண்டும். ஹாரிஸ் ரவூஃப் போட்ட பந்து ஷம்சியின் காலில் பட்டது. அம்பயர் விரலைத் தூக்கவில்லை. பாகிஸ்தான் ரிவ்யூ கேட்டது. திரையில் பந்து லெக் ஸ்டம்பை உரசியது, ஆனால் பாதிப் பந்துக்கும் குறைவாக. அம்பயர்ஸ் கால், நாட் அவுட். கொஞ்ச நேரத்தில் மகராஜ் ஒரு பவுண்டரி அடித்தார், ஒரு விக்கெட்டில் தென் ஆப்பிரிக்கா ஜெயித்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் வசவு முழுக்க அம்பயருக்குத்தான். அதே ஆட்டத்தில் தென் ஆப்பிரிக்காவின் வான் டெர் டுசன், அம்பயர் விரலைத் தூக்கியதால், அதே விதியால் அவுட் ஆகி நடையைக் கட்டியது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

உண்மையில் பந்து காலோடு நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் திரையில் ஓடுவது கணினி போடும் கணக்கு. அதில் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால்தான் பாதிப் பந்து என்று வரம்பு வைத்தீர்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தடுமாறுவது கருவி, திட்டு வாங்குவது அம்பயர்.

சின்ன வயதில் எங்கள் சந்தில் சுவரில் கரிக்கட்டையால் மூன்று கோடு போட்டு ஆடுவோம். போல்டா இல்லையா என்று சண்டை வரும். அதனால் பந்தை வாளித் தண்ணீரில் முக்கிப் போடுவோம், சுவரில் ஈரத் தடம் விழும். எங்கள் டிஆர்எஸ் (அம்பயர் முடிவைத் திரையில் சரிபார்க்கும் முறை) அதுதான். தடம் பாதி கோட்டில், பாதி வெளியே விழுந்தால் 'சரி, ரீ-பால்' என்று திரும்பப் போடச் சொல்வோம். சுவருக்கே தெரியவில்லை, யாரைக் குறை சொல்ல?

2021-ல் அகமதாபாத்தில், பந்து தரையில் பட்டதா என்று தெளிவாகத் தெரியாத ஒரு கேட்சில் சூர்யகுமார் அவுட் ஆன பிறகு, அம்பயர் 'தெரியவில்லை' என்று ஏன் சொல்லக்கூடாது என்று கோலி கேட்டார். 2023-ல் நீங்களே சாஃப்ட் சிக்னலை, அதாவது சந்தேகக் கேட்சை மூன்றாவது அம்பயருக்கு அனுப்பும்போது கள அம்பயர் முன்கூட்டிச் சொல்லும் முடிவை, எடுத்துவிட்டீர்கள். நல்ல காரியம். எல்பிடபிள்யூவில் அம்பயர் வழக்கம்போல முடிவு சொல்லட்டும், அதுவே நிற்கட்டும். திரையில் மட்டும் 'கருவியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று போடுங்கள். பந்தையும் மழமழவென்ற உருண்டையாகக் காட்ட வேண்டாம், ஸ்டம்பை நெருங்க நெருங்க ஓரம் மங்கி விரிவதாகக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
அன்றிரவு டிவி முன்னால் அம்பயரைத் திட்டியவர்களில் ஒருவன்