ஏட்டய்யாவிடம் நீ சொல்லிவிடாதே

அன்புள்ள ஒல்லி,

பதினோரு மாதமாக என்னிடமிருந்து ஒரு வரி இல்லை என்று மொட்டையிடம் புலம்பினாயாம். நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை, வீட்டில் அவளுக்கு முட்டிவலி. அவ்வளவுதான் செய்தி.

போன ஞாயிறு ராத்திரி தூக்கம் வராமல் 'சத்யமேவ ஜயதே' பார்த்தேன். ஆமிர் கானின் டிவி நிகழ்ச்சி இல்லை; 2018 சுதந்திர தினத்தன்று வந்த ஜான் ஆபிரகாம் படம். மும்பையில் ஊழல் போலீஸ்காரர்களைத் தேடித் தேடி எரிக்கிறான் ஒருவன். அவனைப் பிடிக்க வரும் அதிகாரி மனோஜ் பாஜ்பாய். பார்த்தால் இருவரும் அண்ணன் தம்பி! சிரிக்காதே. மனுஷன் வெறுங்கையால் டயரைக் கிழிக்கிறான். நம்மூர் டென்ட் கொட்டகையாக இருந்தால் நீ பெஞ்சு மேல் ஏறியிருப்பாய்.

நீ பம்பாய் போன புதிதில், 1983-இல், 'அர்த் சத்யா' பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதினாயே, நினைவிருக்கிறதா? அதில் போலீஸ்காரராக வரும் ஓம் பூரி, தாதா ராமா ஷெட்டியின் கழுத்தை நெரித்துவிட்டு நேரே சரணடையப் போகிறார். கைதட்டத் தோன்றவில்லை, வயிற்றைப் பிசைந்தது என்று எழுதியிருந்தாய். இந்தப் படத்தில் ஒவ்வொருவன் எரியும்போதும் நம்மைத் தட்டவைக்கவே இசை போடுகிறார்கள். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

ஆனால் யாரை எரித்து என்ன? மாமூல் வாங்குகிறவன் போனால் மறுநாளே அந்த இடத்துக்கு இன்னொருவன் வருவான். மேலே போய்ச் சேரவேண்டிய பங்கு நிற்காது. இதை நமக்கு முதலில் சொன்னது உன் அப்பா ஏட்டய்யாதான், உங்கள் வீட்டுத் திண்ணையில், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே.

படத்தில் அந்தப் பையன்களின் அப்பாவும் போலீஸ்தான், நேர்மையானவர். செய்யாத தப்புக்கு அவரை மாட்டிவிடுகிறார்கள். அவமானம் தாங்காமல் தீக்குளித்துவிடுகிறார். அதுவரை கிண்டலடித்துக்கொண்டிருந்தவன் அங்கே டிவியை அணைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் பார்த்தேன்.

உன் அப்பாவை சஸ்பெண்ட் செய்தார்களே, அந்த மூன்று மாதம் நான் உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பரீட்சை என்று சொன்னேன். பரீட்சையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் வாங்கியிருப்பார் என்று நானும் நம்பினேன்டா. டீக்கடையில் எல்லோரும் பேசியபோது என் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வந்தது. என்ன வார்த்தை என்று கேட்காதே. யாரோ மேலே தின்றதற்கு அவர் தலையை உருட்டினார்கள் என்று விசாரணை முடிந்தபின்தானே ஊருக்குத் தெரிந்தது. மறுபடி காக்கி போட்டு வந்த அன்றைக்கே என்னைப் பார்த்து, "பரீட்சை நல்லா எழுதினியா தம்பி?" என்று கேட்டார். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை விளங்கவில்லை.

தீபாவளிக்கு அவரைப் பார்க்க வருகிறேன். நீ முந்திக்கொண்டு எதுவும் சொல்லிவிடாதே, நானே சொல்லிக்கொள்கிறேன். அப்புறம், காது இன்னும் கேட்கிறதா அவருக்கு? கருப்பட்டி மிட்டாய் வாங்கி வரலாமா, இல்லை அவருக்கும் சர்க்கரையா?

உன்,
குண்டன்