பழைய ஜொய்ஸ்டிக்குகளை வாசிக்க வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

போன கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்த சின்ன வாசிப்புக்கு வந்த பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “தம்பி, உது கேம் அடிக்கிற சாமான் எல்லோ?” ஓம், அதேதான். கீபோர்ட் இல்லாமல், கழித்துப் போட்ட ஜொய்ஸ்டிக்குகளைப் பிடித்து வாசிக்கிற மொடியுலர் சின்தசைசர் அது, அதாவது தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து மின்னால் ஒலி எழுப்புகிற கருவி. எந்தச் சாமானை யார் தந்தது, எதை யார் செய்து தந்தது என்று கடைசியில் சொல்ல நினைத்திருந்தேன். மழை வந்து எல்லாரும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் அது நடக்கவில்லை. ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் முந்தி நெற் கஃபே வைத்திருந்த அண்ணைக்கு. போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய காலத்தில் அவர் வாங்கியவை, கடை மூடிய பிறகும் ஓர் உரப்பைக்குள் பத்திரமாகக் கிடந்தன. விலை கேட்டேன். “காசு வேண்டாம். சத்தம் வந்தால் கூப்பிடு” என்றார். எல்லாம் 15 முள் பிளக் வைத்த பழைய ரகம். அந்தப் பிளக் வழியாகவே இசைக்கருவிகளைக் கொம்பியூட்டரோடு பேசவைக்கிற மிடி இணைப்பும் அந்தக் காலத்தில் போனது என்பது பலருக்குத் தெரியாது.

அதற்குள் இடம்-வலம், முன்-பின் என்று அசைவுக்கு ஒன்றாக, திருப்பத் திருப்ப மின்தடை மாறுகிற 100 கிலோஓம் பொட் இரண்டு இருக்கும். கொம்பியூட்டருக்கு வேண்டியது மின்தடை மட்டும். அதன் ஊடாக ஒரு சிறிய கப்பாசிற்றர் நிறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து, பிடி எங்கே நிற்கிறது என்று அறிந்துகொள்ளும். அதனால் பொட்டின் மூன்று காலில் இரண்டுக்குத்தான் வயர் போயிருக்கும். சின்தசைசருக்கோ மின்னழுத்தம் வேண்டும். சும்மா நிற்கிற மூன்றாவது காலுக்கும் வயர் பிடித்து, ஒரு கரையில் நேர், மறு கரையில் மறை கொடுத்து, நடுக்காலில் இருந்து எடுக்கவேண்டும்.

இவ்வளவும் என்னால் முடிந்தது. அதற்கு மேல் கைகொடுத்தவர் தொழில்நுட்பம் படிப்பித்து ஓய்வுபெற்ற சேர். பொட் ஏறத்தாழ 300 பாகை சுழலும். ஜொய்ஸ்டிக் அதில் 60 பாகை அளவைத்தான் திருப்பும். இரு கரையிலும் 12 வோல்ற் கொடுத்தாலும் கைக்கு வருவது ஐந்து வோல்ற் மட்டில். ஒலியின் நிறத்தை மாற்றுகிற ஃபில்டருக்கு அது காணும். சுருதிக்கு மிக அதிகம். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ற் என்பது மொடியுலர் கணக்கு. அப்படிப் பார்த்தால் அரைச்சுரம் 83 மில்லிவோல்ற்தான். கை சற்று நடுங்கினாலே சட்ஜம் ரிஷபமாகிவிடும். டிஎல்072 என்ற அம்பிளிபையர் சிப் ஒன்றை வைத்து, இரண்டு அசைவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற சுற்றைச் சேர் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறித் தந்தார். தாள் இன்னமும் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது.

பவர் சப்ளை, றேடியோ திருத்துகிற ஐயாவின் கைவேலை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றறி வராத நாளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர் அவர். செய்தியோடு இரைச்சலும் சேர்ந்து வராமல் தடுக்கிற வித்தையை அப்போதே கரைத்துக் குடித்துவிட்டார். 15-0-15 ட்ரான்ஸ்போமர், மின்னழுத்தத்தை 12 வோல்ற்றில் நிலையாக வைக்கிற 7812, 7912 சிப்கள், பெரிய கப்பாசிற்றர்கள், பழைய அம்பிளிபையரில் இருந்து கழற்றிய அலுமினியத் தகடு. “கரண்ட் முனகல் துளியும் இல்லை” என்று அன்றைக்கு என்னைப் பாராட்டியவர்கள் அவரைத்தான் பாராட்டியிருக்கிறார்கள்.

ஜொய்ஸ்டிக்குகளில் ஒன்று போர்விமானப் பிடி மாதிரியே செய்தது, சுட்டுவிரலுக்கு விசையும் உண்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டுப் போனார். போர்க்காலத்துப் பதுங்குகுழியான பங்கருக்குள் இருந்தெழும்பிய ஆளுக்கு இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. லேத் கடை அண்ணை அந்தப் பிடியைக் கழற்றிவிட்டு, நீட்டுத் தண்டு ஒன்றும் அதன் தலையில் பனைமரக் குமிழ் ஒன்றும் கடைந்து பொருத்தினார். தண்டு நீண்டால் அதே பாகைக்குக் கை கூடத் தூரம் போகும், நுணுக்கம் கூடும். விசையில் இருந்த சுவிட்ச் மட்டும் இப்போது முகப்புத் தகட்டில், சுரத்தைத் தொடக்கும் பொத்தானாக இருக்கிறது.

இடக்கையில் நான் பிடித்திருந்தது வேறு வகை. 1970களின் அட்டாரி ஜொய்ஸ்டிக் போல அதற்குள் பொட்டே இல்லை, திசைக்கு நாலு சுவிட்ச் மட்டும். குறுக்கே சரித்தால் இரண்டு சேர்ந்து அமரும். ஆக எட்டுத் திசை, ச முதல் மேல் ச வரை எட்டுச் சுரம். அதைத் தந்த கேம் கடைத் தம்பிக்கும், திசையை வோல்ற்றாக மாற்றும் புரோகிராமை எழுதிய என் மச்சாளுக்கும் நன்றி.

இனி இணுவில் பக்கத்து நாதஸ்வர வித்துவானுக்கு. முதல் நாள் வலக்கைப் பிடியைத் தானே பிடித்து, தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பார்த்தார். “விட்டவுடன் சுரத்துக்குத் திரும்புது, நல்லம். ஆனால் ஒரு மயிரிழை தள்ளி நிற்குது” என்றார். ஸ்பிரிங் தேய்ந்த பழைய ஜொய்ஸ்டிக் எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி அது. சேர், மின்னை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட் இரண்டை எதிரும் புதிருமாக வைத்து நடுவில் ஒரு செத்த இடம் உண்டாக்கினார். சுரம் அசையாமல் நின்றது. வித்துவான் மறுபடி வந்து வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்: “சுரம் நிற்குது, கமகம் செத்துப் போச்சு.” உண்மைதான். சின்ன அசைவெல்லாம் அந்தச் செத்த இடத்துக்குள் அமிழ்ந்துவிட்டது. டயோட்டைக் கழற்றிவிட்டு, லேத் கடையில் இறுக்கமான ஸ்பிரிங் போட்டு, தண்டைத் தாங்குகிற, ஆடிக்கொண்டிருந்த புஷ்ஷையும் மாற்றினோம். என்னைக் கேட்டால், சுற்றை வைத்து மறைப்பதைவிட இரும்பைத் திருத்துவதே எப்போதும் மேல்.

அவர் சொன்ன இன்னொன்று: கமகம் விரலில் மட்டும் இல்லை, சீவாளியில் போகிற மூச்சிலும் இருக்கிறது, சுருதி ஏறும்போது சத்தமும் கூட வரவேண்டும். அதற்காகத்தான் மற்ற அசைவின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அதை ஃபில்டருக்கும் ஒலியளவுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். விட்ட இடத்தில் நிற்கும். லண்டனில் 1969இல் வந்த விசிஎஸ்3 சின்தசைசரிலும் ஜொய்ஸ்டிக் இருந்தது. ஆனால் தோடிக்கு எந்த ஸ்பிரிங் வேண்டும் என்று சொல்ல இணுவிலுக்குத்தான் போகவேண்டியிருந்தது.

பகுதிகளை இணைக்கிற வயர் செருகும் 3.5 மில்லிமீற்றர் ஜாக்குகளைக் கனடாவில் இருந்து பொதி பண்ணி அனுப்பிய சித்திக்கு நன்றி. பழைய அலுமாரிப் பலகையில் பெட்டி செய்த ஆசாரிக்கும், இரவில் வந்த ஊளைச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அயலட்டைக்கும் நன்றி.

அப்புறம், உங்கள் வீட்டிலும் ஏதும் கிடந்தால் எறியாதீர்கள். தானாக ஒரு பக்கம் ஓடுகிறது என்று கழித்த கேம் பாட் என்றாலும் சரி. அதன் பொட்டுகள் 10 கிலோஓம், மூன்று காலுக்கும் இணைப்பு இருக்கும். கரித்தடம் தேய்ந்திருந்தாலும் ஃபில்டருக்குச் சமாளிக்கலாம். பிளக்கை மட்டும் வெட்டிவிடாமல் தாருங்கள். வயர் நிறத்தை வைத்துத் தேடுவது பெரிய கரைச்சல்.

நன்றியுடன்,
கொக்குவிலில் இருந்து