கழுத்துக் கட்டியும் கழற்சிக்காயும்: ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்ட சித்த மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் நாட்டு மருந்துக் கடை நடத்துபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நெறிகட்டியவர்கள், அதாவது கழுத்திலோ தொடையிடுக்கிலோ நிணநீர்க்கணு வீங்கியவர்கள், எங்களிடம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் கழற்சிக்காய்தான். கோலிக்குண்டு போன்ற அந்தச் சாம்பல் நிறக் கொட்டையைச் சுத்தியலால் உடைத்து, உள்ளிருக்கும் கசப்பான பருப்பை விளக்கெண்ணெய் விட்டு அரைத்துப் பற்றுப் போடுவார்கள். சிலர் நொச்சித் தழையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுப்பார்கள்.

இவற்றுக்கு ஆதாரமே இல்லை என்பது நேர்மையாகாது. நொச்சியிலையும் கழற்சிப் பருப்பும் எலிகளின் பாத வீக்கத்தைக் குறைத்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எலியின் பாதம் வேறு, மனிதரின் நிணநீர்க்கணு வேறு. தொண்டைப் புண்ணாலோ காலில் பட்ட காயத்தாலோ கட்டிய நெறி, அந்தப் புண் ஆறியதும் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும் என்பதால், பற்றுப் போட்டவரையும் போடாதவரையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பெருமை முழுவதையும் பச்சிலைக்குக் கொடுக்க முடியாது. பொன்னுக்கு வீங்கிக்குச் சங்கிலி அணிவிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். எருக்கம்பாலைத் தடவுவோரை மட்டும் நான் கண்டிப்பாகத் தடுத்துவிடுவேன்; அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

என் கவலையெல்லாம் கண்டமாலை பற்றியது. வலியின்றிக் கழுத்தில் வரிசையாகத் திரண்டு, நாள்பட உடைந்து சீழ் வடியும் அக்கட்டிகளுக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். ஊசியால் உறிஞ்சிச் சோதித்தால் கண்டறியலாம். வழக்கமாக 6 மாத மாத்திரையில் குணமாகும். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். இதற்குப் பற்றை நம்பி மாதங்களைக் கடத்துவதுதான் கேடு.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் கரையாத கட்டியோடு வருபவரை முதலில் காசநோய்ப் பிரிவுக்கு அனுப்பும்படி, மாவட்டத்தின் சித்த மருத்துவப் பிரிவுகள் அனைத்துக்கும் தாங்கள் எழுத்துமூலம் அறிவுறுத்த வேண்டும். சோதனையில் காசநோயோ புற்றுநோயோ இல்லையென்று தெரிந்தவர்களுக்குப் பற்றுப் போடும்போது, கட்டியின் அளவை வாரந்தோறும் குறித்து வைத்தால், நம் மருந்தைப் பற்றி எலியைத் தாண்டிப் பேசவும் வழி பிறக்கும். கடைகளில் தொங்கவிட ஓர் அறிவிப்பு வாசகமும் வேண்டும். என் கடைக்குரியதை நானே அச்சிட்டுக்கொள்கிறேன்; வாசகம் மட்டும் தங்கள் அலுவலகத்திலிருந்து வரட்டும்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.