கடலோடிகளுக்கு ஹாம் ரேடியோ இன்னும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாய்மரப் படகில் உலகைச் சுற்றுகிறவர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். தாரிணி படகில் நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே மாதம் சுற்றி முடித்துத் திரும்பியதை விரிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால் சாட்டிலைட் போன் வந்த பிறகு ஹாம் ரேடியோவுக்கு வேலை இல்லை என்று ஒரே வரியில் முடித்ததை ஏற்க முடியவில்லை. தேர்வு எழுதி அரசு உரிமம் பெற்று, பிழைப்புக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசுகிறவர்களை ஹாம்கள் என்பார்கள். அவர்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

போனில் பேச ஆள் தெரிய வேண்டும், எண் தெரிய வேண்டும். ரேடியோவில் ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் கேட்கும். அட்லாண்டிக், கரீபியன் பக்கம் 14.300 மெகாஹெர்ட்ஸில் கடலோடிகளுக்காகவே ஹாம்கள் முறைவைத்துக் காத்திருக்கிறார்கள். ‘நெட்’ என்று இதைச் சொல்வோம். குறித்த நேரத்தில் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய், காற்று எப்படி, உடம்பு எப்படி என்று விசாரிப்பார்கள். ஒரு படகு பதில் சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் படகுகளிடம் கேட்பார்கள். தனியாகப் போகிறவரை நாள் தவறாமல் தேட ஆள் இருக்கிறது. அந்தத் துணையைப் போன் தராது.

கரையோரப் படகுகளில் உள்ள விஎச்எஃப் (மிக உயர் அலைவெண்) ரேடியோ செட் நேர்கோட்டில்தான் எட்டும். சில பத்து கிலோமீட்டர் தாண்டினால் பேச்சு நின்றுவிடும். கடலில் ஹாம்கள் பேசும் சிற்றலையோ வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், நேரமும் அலைவரிசையும் பொருந்தினால் 100 வாட்டில் ஒரு பெருங்கடலையே தாண்டும். ஆன்டெனாவுக்குத் தனிக் கம்பம்கூட வேண்டாம். பாய்மரத்தைப் பின்பக்கம் இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியின் இரு முனையிலும் மின்காப்பு போட்டால் அதுவே ஆன்டெனா. கீழே உப்புத் தண்ணீர் அருமையான எர்த்.

சரி, அந்தப் பாய்மரமே முறிந்தால்? 2018 செப்டம்பரில், தனியாக உலகைச் சுற்றும் படகுப் போட்டியில் இருந்த நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமிக்கு இந்தியப் பெருங்கடலின் தெற்கே அதுதான் நடந்தது. முதுகில் அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தவரை மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பலான ஒசிரிஸ் மீட்டது. அபாய அறிவிப்புக் கருவியும் செயற்கைக்கோள் வழிக் குறுஞ்செய்தியும் அன்று உதவின. அவை படகில் கட்டாயம் இருக்க வேண்டும்; ரேடியோவும் கூடவே இருக்கட்டும், ஒரு உபரி ஆன்டெனாவோடு. 2004 சுனாமியின்போது அந்தமானில் போன் தொடர்பு அறுந்துபோனது. வேறு வேலையாக அங்கே முகாமிட்டிருந்த ஹாம்கள்தான் உறவினர்களுக்குச் செய்தி கடத்தினார்கள்.

நம் திருநெல்வேலிச் சீமைக்கும் இதில் பங்கு உண்டு. விஜயநாராயணத்தில் வானுயர நிற்கும் கடற்படைக் கோபுரங்கள் நீர்மூழ்கிகளோடு பேசுகின்றன. ஆனால் உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, 12 வயது நிரம்பினாலே ஹாம் தேர்வு எழுதலாம் என்பது தெரியும்? தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் என்னும் தந்திக் குறியீடுகூடத் தெரிய வேண்டாம். ஹாம் அலைவரிசையில் வியாபாரம் பேசக் கூடாது என்பதால் மீன்பிடித் தொழிலுக்கு இதைப் பயன்படுத்த முடியாது. அது வேறு விஷயம். ஆனால் கடலுக்குப் போகப் போகிற பிள்ளைக்கு அலை எப்படிப் பயணிக்கிறது, சுருக்கமாக, தெளிவாக எப்படிப் பேசுவது என்று கைப்பழக்கமாகத் தெரிந்திருப்பது பெரிய சொத்து.

உங்கள் மாணவர் பகுதியில் இந்தத் தேர்வைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். கடற்கரை ஊர்ப் பள்ளி ஏதாவது கூப்பிட்டால் செட்டும் ஆன்டெனாக் கம்பியும் நானே எடுத்து வந்து செய்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை