கடைசி நாள்களில் கைதிகளின் வலி தணித்தோருக்கு நன்றி மடல்

பினாங்கு

இனிக் குணமாகாது என்று மருத்துவர் கைவிரித்த கைதிகளை வலியோடு போகவிடாமல் பார்த்துக்கொண்ட அனைவருக்கும் வணக்கம். பெயர் போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டதால் பணியை மட்டும் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி இரவுப் பணி வார்டர்களுக்கு. வாய்வழியாகக் கொடுக்கும் மார்ஃபின் என்னும் வலிநீக்கி நீர்மருந்து ஏறக்குறைய 4 மணி நேரம்தான் தாங்கும். மாலையில் அறை பூட்டியபின் மருந்து அலமாரிச் சாவி வீட்டுக்குப் போய்விட்டால், நள்ளிரவில் வலி திரும்பிவிடும். விடிவதற்குள் முற்றிவிட்ட வலியை வழக்கமான அளவு அடக்காது. கைதி கூடுதலாகக் கேட்டால், போதைக்குப் பழகிவிட்டார் என்று எழுதிவிடுவார்கள். சாவியையும் பதிவேட்டையும் பணி மாறும்போதே கைமாற்றிக்கொண்டு, இரவு வேளை ஒன்றையும் தவறவிடாமல் கொடுத்தீர்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மருந்தாளர்களே, இடையில் கிளம்பும் வலிக்கான அளவையும் அதே சீட்டில் எழுத வைத்தீர்கள். பொதுவாக அது நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு: 30 மில்லிகிராம் என்றால் 5. மலமிளக்கியையும் முதல் நாளே சேர்த்தீர்கள். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் தணியும், மலச்சிக்கல் தணியாது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மார்ஃபின் உடலில் தேங்கும் என்பதால் வேளைகளின் இடைவெளியைக் கூட்டச் சொன்னதும் நீங்கள்தான்.

காவலுக்கு வந்த அதிகாரிகளுக்கு: வீங்கிய காலைக் கட்டிலோடு பிணைத்தால் 2 மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க முடியாது. குதிகாலிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும். விலங்குக்குள் துணி சுற்றுவதால் அது தீராது. வேறு எந்த வழியும் பலிக்காதபோதுதான் விலங்கு என்கின்றன கைதிகளை நடத்தும் முறைபற்றி ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள். வாசலில் ஒருவர் உட்கார்ந்தால் போதும் என்று முடிவெடுத்துச் சங்கிலியைக் கழற்றினீர்கள். தாதியர் அன்றே முதுகைத் துடைத்துவிட்டார்கள்.

கருணை மனு எழுதித் தந்த வழக்கறிஞர்களே, கைதி எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதல்ல, குற்றம் எங்கே நடந்தது என்பதே கணக்கு என்று குடும்பங்களுக்குப் புரியவைத்தீர்கள். மலேசிய அரசமைப்பின் 42-ஆவது பிரிவின்படி, பினாங்கில் நடந்த குற்றத்துக்கு மாநில ஆளுநரிடமும் கோலாலம்பூரில் நடந்ததற்கு மாமன்னரிடமும் மனு போக வேண்டும். இடம் மாறிப் போனால் வாரங்கள் வீணாகும். இவர்களுக்கு இருப்பதே சில வாரங்கள். "நோயாளி" என்று மொட்டையாக எழுதாமல், நோயின் கட்டம், எஞ்சிய காலம், தேவைப்படும் பராமரிப்பு, வீட்டில் பார்த்துக்கொள்பவர் யார் என்று அறிக்கையில் எழுதித் தந்த மருத்துவர்களுக்கும் நன்றி.

சிறையில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தகவல் போக வேண்டும். விசாரணை வேண்டும் என்று அவர் கருதினால் உடல் கைக்கு வரத் தாமதமாகும். இதை முன்கூட்டியே வீட்டாரிடம் பக்குவமாகச் சொன்ன சிறை அதிகாரிகளுக்கும், நேரம் உறுதியாகாத நிலையிலும் இடம் ஒதுக்கிவைத்த பினாங்கின் பத்து லாஞ்சாங் பகுதிச் சுடலைப் பணியாளர்களுக்கும், கூப்பிட்டதும் வந்து கடைசிச் சடங்கைக் குறைவின்றிச் செய்துகொடுத்த ஐயருக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
கைதிகளின் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் தொண்டர்கள்